நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நாலு புளியங்கொட்டை

எனக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் போர்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள முடியாமல், "இது சிதம்பரந்தானே போவுது?" என்று கண்டக்டரிடம் நாலு தடவை கேட்டுவிட்டுத்தான் உட்காருவேன். ஆனால் இங்கிலீஷில் எண்ணச் சொல்லுங்கள், ஒன்றில் தொடங்கி மில்லியன் வரைக்கும் தடுக்காமல் போய்வருவேன். போன வாரம் பேரன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே, "த்ரீ தவுசண்ட்ஸ் ட்ரீஸ்" என்று சத்தமாகச் சொன்னான். நான் அடுப்படியில் இறால் உரித்துக்கொண்டிருந்தேன். "த்ரீ தவுசண்டுன்னு சொல்லுடா. மரத்துக்கு வால் போட்டாச்சுல்ல, தவுசண்டுக்கு எதுக்கு இன்னொரு வாலு?" என்றேன். பிள்ளை வாயைப் பிளந்துவிட்டான். பேத்திக்கு அதைவிட ஆச்சரியம். எனக்கு இதை யார் சொன்னது என்று தெரிந்தே ஆகவேண்டுமாம், நோட்டை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாள். அவள் எழுதட்டும், நான் சொல்கிறேன். இறால் கொஞ்ச நேரம் சட்டியில் கிடக்கட்டும்.

அறுபதுகளில் ஒரு வருஷம். எந்த வருஷம் என்று கேட்காதீர்கள். பரங்கிப்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டுக்குக் கரண்டு வந்துவிட்டது, எங்கள் வீட்டுக்கு இன்னும் வரவில்லை, அந்த வருஷம். எனக்கு எட்டு வயசு. வாப்பா பினாங்கில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆண்கள் அப்படித்தான், கடலுக்கு அந்தப் பக்கம். தெருவில் நடமாடியவர்கள் வயசானவர்களும், பையன்களும், தபால்காரரும்தான். அதில் தபால்காரருக்குத்தான் மரியாதை ஜாஸ்தி. வாப்பாவை நான் கடைசியாகப் பார்த்தது மூன்று வயதில். முகம் ஞாபகம் இல்லை. மாதம் ஒரு கடுதாசி வரும். சாச்சா படிப்பார், உம்மா கதவுக்குப் பின்னால் நின்று கேட்பாள், கடைசியில் "புள்ளைக்கு என் முத்தம்" என்ற வரி வந்ததும் நான் கன்னத்தைத் தொட்டுக்கொள்வேன். எனக்கு வாப்பா என்றால் அந்த ஒரு வரிதான்.

சாச்சா வாப்பாவின் கடைசித் தம்பி. எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகக் காலேஜில் கால் வைத்தவர். காலையில் ரயிலேறிச் சிதம்பரம் போவார், சாயங்காலம் வந்துவிடுவார். கணக்கில் புலி, சயின்ஸில் புலி, இங்கிலீஷில் மட்டும் பூனைக்குட்டி. ஒருநாள் ஏதோ ஒரு சண்டையைப் பற்றி எழுதும்போது "ஃபைவ் தவுசண்ட்ஸ் சோல்ஜர்ஸ்" என்று எழுதிவிட்டாராம். வாத்தியார் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "என்னப்பா, உங்க பரங்கிப்பேட்டைப் பட்டாளத்துல சிப்பாய்க்கும் வால் முளைக்குது, தவுசண்டுக்கும் வால் முளைக்குதா?" என்று கேட்டாராம். வகுப்பே சிரித்ததாம். அன்றைக்குச் சாயங்காலம் சாச்சா டீகூடக் குடிக்கவில்லை.

மறுநாளிலிருந்து என்னைப் பிடித்து உட்கார வைத்தார். அவர் பாடத்தைச் சத்தம்போட்டு ஒப்பிக்க வேண்டும், எதிரில் ஒருவர் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். அப்போதுதான் பயம் வந்து படிப்பு ஏறுமாம். உம்மாவுக்கு வேலை, ஆகவே பயமுறுத்தும் உத்தியோகம் எனக்கு. பாதி நாள் புத்தகத்தைத் தலைகீழாகத்தான் பிடித்திருப்பேன். அவரும் சொல்லமாட்டார், எனக்கும் தெரியாது. ஆனால் காது இருக்கிறதே. "எத்தனைன்னு முன்னாடியே சொல்லிட்டா ஹண்ட்ரடுக்கு வால் கிடையாது. டூ ஹண்ட்ரட், சிக்ஸ் தவுசண்ட், டென் மில்லியன். எத்தனைன்னு தெரியாதப்பதான் வால். ஹண்ட்ரட்ஸ், தவுசண்ட்ஸ், மில்லியன்ஸ்" என்று மந்திரம் மாதிரி சொல்வார். நாலு நாளில் எனக்கு மனப்பாடம். அவருக்குத்தான் ஆகவில்லை. வேகமாகச் சொல்லும்போது வால் தானாக ஒட்டிக்கொள்ளும். "வாலு, வாலு!" என்று கத்துவேன்.

"நம்ம பாஷையில இருநூறுகள்னா சொல்றோம்? இருநூறுன்னுதானே சொல்றோம். இங்கிலீஷ்ல மட்டும் ஏன் என் நாக்குல வந்து உட்காருதோ" என்று தன் வாயிலேயே ஒரு தட்டு தட்டிக்கொள்வார்.

படிக்கும்போது கொறிக்க அவருக்கு வறுத்த புளியங்கொட்டை வேண்டும். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. காடாம்புலியூர்ப் பக்கத்திலிருந்து வண்டியில் வருகிற புளியை வருஷத்துக்கு ஒருதரம் மொத்தமாக வாங்கி, உட்கார்ந்து கொட்டை எடுத்து, கொட்டையைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்து வைப்போம். கங்கில் போட்டு வறுத்தால் தோல் வெடிக்கும். உள்ளே இருப்பதை வாயில் போட்டால் முதலில் கல், அப்புறம் மெல்ல மெல்ல நெய். ஒரு கொட்டை ஒரு பாடம் வரைக்கும் வரும். வறுப்பது என் வேலை. அவருக்கு ஒரு பங்கு, எனக்கு ஒரு பங்கு, ரயிலுக்கு ஒரு பொட்டலம்.

அந்தச் சமயத்தில்தான் வாப்பாவின் கடுதாசி நின்றது. ஒரு மாதம் வரவில்லை, கப்பல் தாமதம் என்றார்கள். இரண்டாம் மாதமும் வரவில்லை. மூன்றாம் மாதம் பினாங்கிலிருந்து திரும்பிய கடலூர் முதுநகர்க்காரர் ஒருவர் வீடு தேடி வந்து, வாப்பாவை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்த்ததாகவும், நெஞ்சுச்சளி என்றும், தான் கிளம்பியபோது பேச்சு இல்லை என்றும் சொல்லிவிட்டு, உம்மா கொடுத்த மோரைக் குடிக்காமலே போனார். அவர் போனபிறகு உம்மா அந்த மோர் டம்ளரை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு கஷ்டம் வந்தால் பெண்கள் கூடி நபி பேரில் ஸலவாத்து ஓதுவார்கள். கணக்கு நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நாலு. ஒன்று கூடவும் கூடாது, குறையவும் கூடாது. அத்தனை புளியங்கொட்டையை வெள்ளை விரிப்பில் கொட்டி, சுற்றி உட்கார்ந்து, ஒரு தடவை ஓதினால் ஒரு கொட்டையை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். கொட்டை தீர்ந்தால் கணக்கு தீர்ந்தது. அடுத்த பிறையில் முதல் வெள்ளிக்கிழமை என்று உம்மா நாள் குறித்தாள். கொட்டை எண்ணும் வேலையை என்னிடம் கொடுத்தாள்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாயில் நூறு நூறாகக் குவித்து எண்ணினேன், அதுவும் இங்கிலீஷில். ஒரு குவியல் முடிந்தால் ஒரு சோழியைத் தனியே வைப்பேன். கடைசியில் எழுந்து நின்று, "ஃபோர் தவுசண்ட் ஃபோர் ஹண்ட்ரட் ஃபார்ட்டி ஃபோர்!" என்று கூவினேன். ஒரு வால்கூட இல்லை. சாச்சா கைதட்டினார். "எங்க வாத்தியார் இதைக் கேட்டிருக்கணும்" என்றார். எல்லாவற்றையும் வாப்பா கொடுத்தனுப்பிய பினாங்கு பிஸ்கட் டின்னில் போட்டோம். மூடியில் ஒரு வெள்ளைக்காரி குடை பிடித்துக்கொண்டு நிற்பாள். டின் விளிம்பு வரை நிரம்பி, மூடியை உள்ளங்கையால் அழுத்தித்தான் மூட முடிந்தது.

நாள் வர இன்னும் மூன்று வாரம் இருந்தது. வீட்டில் மிச்சமிருந்த கொட்டையோ பாதி சொத்தை. நல்லதெல்லாம் டின்னில். நான் என்ன நினைத்தேன் என்றால், ஒரு கை அள்ளினால் என்ன தெரியப்போகிறது என்று நினைத்தேன். மறுநாள் இன்னொரு கை. சாச்சாவுக்குப் பரீட்சை நெருங்க நெருங்கக் கொறிப்பதும் கூடியது. எடுத்ததை எண்ணவே இல்லை. எண்ணுவதில் அவ்வளவு கெட்டிக்காரியான நான், எடுக்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் லுகர் தொழுதுவிட்டுப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். உம்மா டின்னை எடுத்தாள். மூடி அழுத்தாமலே திறந்துகொண்டது. உள்ளே நாலு விரல் பள்ளம். உம்மாவின் கண்ணில் அது படவில்லை, எதுவும் கண்ணில் படுகிற நிலைமையில் அவள் இல்லை. கொட்டினாள். பெண்கள் தொடங்கினார்கள். எழுந்து சொல்லலாம். சொன்னால் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லாவிட்டால் வாப்பா. நான் சொல்லவில்லை.

இதில் எதிர்வீட்டு மாமி வேறு. அவர் ஓதும்போதே தூங்கிவிடுவார். தூக்கத்தில் கை மட்டும் வேலை செய்யும். ஒரு ஓதலுக்கு ஒரு கொட்டை என்றில்லாமல் நாலைந்தாகத் தள்ளிவிடுவார். "மாமி, வண்டி வேகமாப் போவுது" என்று ஒரு பெண் இடிக்க, மாமி கண்ணைத் திறந்து, "நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கேன், நீ உன் ரோட்டைப் பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். உம்மாகூடச் சிரித்தாள். நான் ஒருத்திதான் சிரிக்கவில்லை. சாயங்காலத்து அஸர் பாங்குக்கு வெகுமுன்னாலேயே முடிந்துவிட்டது. சர்க்கரைச் சோறு பங்குவைத்தார்கள். "அல்லா சுளுவா ஆக்கிக் குடுத்துட்டான், காரியமும் சுளுவா ஆவும் பாரு" என்று உம்மாவின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் சாச்சா படித்துக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"சாச்சா, பரீட்சையில கொஞ்சம் கொறைச்சலா எழுதினா பாஸ் போடுவாங்களா?"

"எவ்ளோ கொறைச்சல்?"

"தெரியல. ஹண்ட்ரட்ஸ்."

சாச்சா புத்தகத்திலிருந்து நிமிர்ந்தார். "என்னா ஹண்ட்ரட்ஸு? யாரு எழுதின பரீட்சை?"

அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். வறுத்துத் தந்ததெல்லாம் அந்த டின்னிலிருந்து எடுத்ததுதான் என்று. அப்போதும் அவர் வாயில் ஒரு கொட்டை ஊறிக்கொண்டிருந்தது. மெல்ல அதை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"அழாத புள்ள. நீ மட்டுமா தின்னே? பாதி என் வயித்துல இருக்கு" என்றார். அந்தக் கொட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, "உம்மாகிட்ட சொல்லிடாத. கொறைஞ்சதை நாம ரெண்டு பேரும் ஓதி அடைச்சிடுவோம். நீ வூட்டுல, நான் ரயில்ல" என்றார்.

"எத்தினி ஓதணும்?"

"அதான் தெரியலையே. தெரியாத கணக்குக்கு ஒரு வழிதான் இருக்கு. காக்கா வந்து நம்ம வாசல்ல செருப்பைக் கழட்டுற வரைக்கும் ஓதணும்."

காக்கா என்றால் அவர் அண்ணன், என் வாப்பா. அன்றிலிருந்து என் வாய் ஓயவில்லை. தண்ணீர் இறைக்கும்போது ஓதினேன், கோழிக்குத் தீனி போடும்போது ஓதினேன். நாலாயிரத்து நானூற்று நாற்பத்து நாலு என்றால் ஒருநாள் முடிந்துபோகும். எத்தனை என்று தெரியாததை எந்த இடத்தில் நிறுத்துவது? சாயங்காலம் சாச்சா ரயிலிறங்கி வந்ததும் கண்ணால் கேட்பேன், ஓதினேன் என்று தலையாட்டுவார். உம்மாவுக்குப் பயம் வந்துவிட்டது. "என்னாடி எப்பப் பாத்தாலும் வாய் முணுமுணுங்குது, காத்து கருப்பு பட்டுச்சா?" என்று பள்ளிவாசல் லெப்பையிடம் ஓதிப்பார்க்கக் கூட்டிப்போனாள். அவர் என் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, "புள்ளைக்கு ஒண்ணுமில்ல, வயித்துல பூச்சி" என்றார். வாப்பாவுக்காக நான் இரண்டு கரண்டி விளக்கெண்ணெயும் குடித்தேன். இதை நான் வாப்பாவிடம் கடைசிவரை சொல்லவே இல்லை.

பரீட்சை முடிந்தது. ஒருநாள் சாச்சா தெருமுனையிலிருந்தே விடைத்தாளை ஆட்டிக்கொண்டு வந்தார். அறுபத்திரண்டு மார்க். "இப்பதான்ப்பா உன் பட்டாளம் பட்டாளமா இருக்கு" என்று அதே வாத்தியார் சொன்னாராம். "சொல்லிக் குடுத்தவங்களுக்கு" என்று எனக்குச் சிதம்பரத்துக் கண்ணாடி வளையல் ஒரு டஜன். அன்றைக்கு அவர் உட்காரவே இல்லை, நடந்துகொண்டே இருந்தார். அடுத்து பி.எஸ்ஸி., அதற்கடுத்து மெட்ராஸ் என்று உம்மாவிடம் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அந்த வாரமே கடுதாசி வந்தது. இரண்டு தாள். முதல் தாளைச் சாச்சா உரக்கப் படித்தார். வாப்பா உயிரோடு இருக்கிறார்கள். கலவரப்படுவோம் என்றுதான் எழுதவில்லையாம். இன்னும் இரண்டு மாதம் படுக்கையில் இருந்துவிட்டு, அதற்கடுத்த கப்பலில் ஊருக்கே வந்துவிடுகிறார்களாம். கதவுக்குப் பின்னால் உம்மா சரிந்து உட்காரும் சத்தம் கேட்டது. நான் முற்றத்தில் குதித்தேன். இரண்டாம் தாளைச் சாச்சா வாய்க்குள்ளேயே படித்தார். திரும்பவும் படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அதுல என்னா போட்டிருக்கு தம்பி?" என்றாள் உம்மா.

"ஒண்ணுமில்ல மச்சி. முதலாளி சலாம் சொல்லியிருக்காரு."

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மச்சி என்பார்கள். உம்மா நம்பவில்லை போலிருக்கிறது. மறுநாள் அடுப்படிக் கதவுக்கு இரண்டு பக்கமும் நின்று இரண்டு பேரும் மெல்லப் பேசிக்கொண்டார்கள். "வேணாம் தம்பி, படிப்பு பாழாப்போவும்" என்று உம்மா சொன்னதும், "வேற யார் இருக்கா மச்சி, சொல்லுங்க" என்று சாச்சா சொன்னதும் என் காதில் விழுந்தன. வாப்பாவைக் கூட்டிவர நாகப்பட்டினத்துக்கு யார் போவது என்பதற்கு இவ்வளவு பேச்சா என்று நினைத்தேன்.

இரண்டாம் தாளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரிய ஏழெட்டு வருஷம் ஆயிற்று. வாப்பாவுக்கு இனி நின்று வேலை செய்கிற நெஞ்சு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அந்த இடத்தை முதலாளி வேறு யாருக்கும் கொடுக்காமல் எங்கள் வீட்டுக்கென்றே வைத்திருந்தாராம். ஆள் அனுப்பினால் பேப்பரெல்லாம் அவரே பார்த்துக்கொள்வாராம். வீட்டில் ஆள் என்றால் சாச்சா ஒருத்தர்தான். நாங்கள் சாப்பிட்டதெல்லாம் அந்தக் கடையிலிருந்து வந்ததுதான்.

எட்டு வயசுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? சாச்சா கடலூருக்குப் போய் இரவல் கோட்டு போட்டுப் போட்டோ எடுத்துவந்தார். காலேஜுக்கு என்று நினைத்தேன். மெட்ராசுக்குப் போய்வந்தார். அதுவும் காலேஜுக்குத்தான். அப்புறம் சிதம்பரம் போவதையே நிறுத்திவிட்டார். காலேஜ் லீவு என்றார். இவ்வளவு நீளமான லீவு விடுகிற காலேஜ் எவ்வளவு நல்ல காலேஜ் என்று நான் சந்தோஷப்பட்டேன். பகலெல்லாம் என்னோடேயே இருந்தார். புத்தகத்தை மட்டும் எடுக்கவில்லை.

வாப்பாவின் கப்பல் வருகிற வாரம் சாச்சா பெரிய தகரப் பெட்டியோடு கிளம்பினார்.

"வாப்பாவைக் கூட்டியார எதுக்கு சாச்சா இவ்ளோ பெரிய பொட்டி?"

"காக்கா கொண்டார்ற சாமானை எதுல வைக்கிறது? உன் மடியிலயா?" என்றார். குனிந்து, "ஓதிக்கிட்டு இருக்கியா?" என்று காதில் கேட்டார்.

"நிறுத்தவே இல்ல. நீங்க?"

"நானும்தான். இன்னும் நாலு நாள்" என்று சொல்லி என் தலையில் கையை வைத்தார். கை எடுக்க நேரமாயிற்று. "ரயில் போயிடும் சாச்சா, ஓடுங்க" என்று நான்தான் தள்ளிவிட்டேன்.

நாலாம் நாள் அஸருக்குப் பிறகு குதிரைவண்டி வாசலில் நின்றது. மெலிந்து உயரமாக ஒருவர் இறங்கினார்கள். கடுதாசியில் மட்டும் இருந்த வாப்பா. வாசல்படியில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, ஒரு செருப்பைக் கழற்றினார்கள், மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொன்றைக் கழற்றினார்கள். என் வாய் அந்த நிமிஷத்தில் நின்றது. வாப்பா என்னைத் தூக்க வந்தார்கள். நான் அவர்கள் கைக்குக் கீழே புகுந்து வண்டிக்கு ஓடினேன். சாச்சாவிடம் சொல்ல வேண்டாமா, கணக்கு முடிந்துவிட்டது, இனி ஓத வேண்டியதில்லை என்று. வண்டியில் யாரும் இல்லை. வண்டிக்காரர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

திரும்பிப் பார்த்தால் உம்மா வாப்பாவின் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். ஐந்து வருஷம் கழித்துப் பார்க்கிறாள். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அதை எடுத்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கப்பல் ஏறுறப்ப தம்பி சாப்புட்டுச்சா?"

வாப்பா தரையைப் பார்த்தார்கள். எனக்கு உம்மாவை நினைத்தால் சிரிப்பாக வந்தது. இத்தனை நாள் அழுது, ஊரைக் கூட்டி ஓதி வரவழைத்த வாப்பாவை உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? பின்னால் வருகிற வண்டியில் சாச்சா வந்து இறங்கும்போது அவரையே கேட்டால் போகிறது. நான் வாசலிலேயே நின்று, அந்த வண்டி வருகிறதா என்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.